ஏலக்காரரின் குரல் இருந்த ஃபோல்டர்

அந்த நாற்காலியில் கொஞ்சம் முன்னால் தள்ளி உட்காருங்கள், பின்கால் ஆடும். மாற்றித் தரும்படி பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். கணினிக்காரனின் அறைக்குப் புது நாற்காலி வருவதற்குள் இந்த மருத்துவமனைக் கட்டடமே பழசாகிவிடும். மின்விசிறியைக் கூட்டட்டுமா? சரி, இருக்கட்டும்.

இங்கே எல்லோரும் என்னை ‘சிஸ்டம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பேரைச் சொன்னால் பாதிப் பேருக்கு ஆள் தெரியாது. “சிஸ்டம் வந்தாச்சா, பிரிண்டர் மறுபடி மக்கர் பண்ணுது” என்பார்கள். பிரிண்டர் ஓடினால் என்னை மறந்துவிடுவார்கள். அதில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது. வீட்டில் ஒருத்தி என்னைக் கவனித்தால் போதும் என்று நினைப்பவன் நான்.

ஏலக்காரரின் மகள் கொடுத்த புகாரில் என் மனைவியின் பேரை எழுதியிருக்கிறார்கள். அது சரியில்லை. அவள் பேச்சுப் பயிற்சியாளர். குரலைப் பதிவு செய்வது மட்டும்தான் அவள் வேலை. பதிவானதைப் பத்திரமாக வைத்திருப்பது என் வேலை. அதனால்தான் விசாரிக்க வந்த உங்களிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீங்கள் மேசைமேல் வைத்திருக்கும் வரைபடத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

மவுண்ட் என்றால் என்னவென்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் அறிக்கையைப் படிக்கப்போகும் நிர்வாகத்தினருக்குத் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன். லினக்ஸில் ஒரு டிஸ்க்கைக் கேபிளில் செருகினால் மட்டும் போதாது, ஏதாவது ஒரு ஃபோல்டரோடு அதை இணைக்க வேண்டும். இணைத்துவிட்டால் அந்த ஃபோல்டரைத் திறக்கும்போது டிஸ்க்கில் இருப்பது தெரியும். இணைக்காவிட்டால் அது கணினியின் சொந்த டிஸ்க்கில் இருக்கும் வெறும் ஃபோல்டர்தான். அப்போதும் அதில் எழுதலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பிறகு ஒருநாள் டிஸ்க்கை அதன்மேல் இணைத்தால், முன்பு எழுதியது எல்லாம் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். தரையில் கிடக்கும் காகிதத்தின்மேல் பாயை விரித்தது போலத்தான். காகிதம் எங்கும் போகவில்லை, பாயைத் தூக்கினால் கிடைக்கும்.

ஒலிப்பதிவு அறையில் ஒரு கணினியும், அலமாரிக்குள் ஒரு பெரிய டிஸ்க் பெட்டியும் இருக்கின்றன. பெட்டி இணையாவிட்டாலும் கணினி முரண்டு பிடிக்காமல் எழுந்துகொள்ள வேண்டும் என்று நான்தான் ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். என் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். இல்லாவிட்டால் ஒரு கேபிள் தளர்ந்ததற்கெல்லாம் கறுப்புத் திரையைப் பார்த்துப் பயந்துபோய் எனக்குப் போன் போடுவார்கள்.

மின்சார வேலைக்காக ஒரு நாள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். அலமாரியை நகர்த்தியபோது யாரோ கேபிளை இழுத்திருக்கிறார்கள். பெட்டி இணையவில்லை, கணினி சமர்த்தாக எழுந்துகொண்டது. மறுநாள் என் மனைவி போன் செய்தாள்.

“என்னங்க, பழைய நோயாளிங்க ஃபோல்டர் ஒண்ணையும் காணோமே. புதுசா பதிவு பண்ணினா மட்டும் ஏறுது.”

“வந்து பார்க்கறேன்” என்றேன்.

போகத்தான் செய்தேன். அந்த அறைக்கு ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. உள்ளே ஒருவர் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். எதிரே என் மனைவி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, சிரித்துக்கொண்டிருந்தாள். கதவு வரைக்கும் போன நான் திரும்பி வந்துவிட்டேன்.

அவர்தான் ஏலக்காரர். காய்கறிச் சந்தையில் மூட்டைகளை ஏலம் விடுகிறவர். குரல்வளையில் கட்டி, அறுவை சிகிச்சையில் குரல்வளையையே எடுத்துவிடுவார்கள் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முன்னால் அவரை ஆயிரக்கணக்கான வாக்கியங்கள் படிக்கவைத்துப் பதிவு செய்துகொண்டால், பிற்பாடு அவர் தட்டச்சு செய்வதை ஒரு கருவி அவருடைய சொந்தக் குரலிலேயே பேசும். என் மனைவிக்கு இந்த வேலையில் உயிர். படிக்கக் கொடுக்கும் வாக்கியங்கள் சப்பென்று இருக்கும், ‘கதவு திறந்திருக்கிறது’, ‘தண்ணீர் ஆறிவிட்டது’ என்கிற மாதிரி. ஏலக்காரர் அதையெல்லாம் ஏலம் விட்டிருக்கிறார். “ஆறின தண்ணி, நல்ல தண்ணி, கேக்கறவங்க கேளுங்க” என்று.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் வீட்டுக்கு வந்து சொல்வாள். ஒரு நாள் சாப்பிடும்போது தட்டில் கடைசித் துண்டு மீன் இருந்தது. அவள் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஒரு தரம், ரெண்டு தரம்” என்றாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் என்னிடம் விளையாட்டாகப் பேசிப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பேசினாள், அதுவும் அந்த ஆளின் வார்த்தையில். எனக்கு வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

நான் ஏதாவது சொல்ல ஆரம்பித்தால் வேறு விதமாக இருக்கும். “நாள் பூரா கேட்டுக் கேட்டுக் காதெல்லாம் வலிக்குதுங்க, கொஞ்ச நேரம் சும்மா இருப்போமா?” என்பாள். நியாயம்தான், நானும் சும்மா இருப்பேன். ஊரார் குரலையெல்லாம் கேட்டுவிட்டு மிச்ச நேரத்தில் வீட்டுக்கு வருகிறாள், அந்த மிச்சத்தில் எனக்கென்று அவளிடம் காது கிடையாது. பொறாமைதான், வேறு பேர் வைத்து என்ன ஆகப்போகிறது. அறுபதை எட்டப்போகிற, தொண்டையில் கட்டியோடு சாகக் கிடக்கிற ஒரு மனிதரைப் பார்த்து வயிறு எரிந்தது எனக்கு.

தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் அவளைத் ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிட்டார். அந்த உறவில் என்னைப் பார்த்த முதல் நாளே ‘மாப்பிள்ளை’ ஆக்கிவிட்டார். “மாப்பிள்ளை ஏன் எப்பவும் வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருக்கார்?” என்று நடையில் எல்லோர் முன்னாலும் கேட்டார். நர்சுகள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நான்கூடச் சிரித்து வைத்தேன்.

பெட்டி இணையவில்லை என்று எனக்குத் தினமும் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. தினமும் பிரதி எடுக்கும் நிரல் அந்தப் பெட்டியை மட்டும்தான் பார்க்கும். பெட்டி இல்லாததால் பிரதி எடுக்கவில்லை என்று ஒழுங்காகச் சொன்னது. நான் படித்தேன். சரிசெய்ய வேண்டுமானால் அந்த அறைக்குள் போய், அலமாரியைத் திறந்து, அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குனிந்து கேபிளைத் தேட வேண்டும். அவர் மாப்பிள்ளை என்பார், அவள் சிரிப்பாள். நாளைக்குப் போகலாம் என்று தள்ளிப்போட்டேன். சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருப்பேன். அவள் மூச்சுச் சத்தங்களை வெட்டி எடுத்து, வாக்கியங்களைச் சுத்தம் பண்ணிவிட்டு, ஒரு கச்சேரியிலிருந்து எழுந்து வருகிறவளைப் போல வருவாள்.

இதுவரைக்கும் கவனக்குறைவு என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

பதிவு முடிந்தது. அதற்குள் ஏலக்காரரின் குரல் கம்மத் தொடங்கியிருந்தது, அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. குரலை உருவாக்கும் நிரலுக்குப் பழைய நோயாளிகளின் பதிவும் கொஞ்சம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதால் அவள் என்னைப் பிடித்த பிடியில் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவர் அங்கே இல்லை. நான் அலமாரியைத் திறந்து கேபிளை அழுத்திச் செருகினேன். டிஸ்க் தெரிகிறதா என்று பார்த்தேன், தெரிந்தது. மவுண்ட் செய்தேன்.

“வந்துடுச்சு, எல்லாம் வந்துடுச்சு” என்று அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். “ஏங்க, இவரோடதைக் காணோமே.”

எனக்கு ஒரு கணத்தில் விளங்கிவிட்டது. இத்தனை வாரமும் அவர் குரல் கணினியின் சொந்த டிஸ்க்கில், வெறும் ஃபோல்டரில் ஏறியிருக்கிறது. இப்போது நான் மேலே டிஸ்க்கை விரித்துவிட்டேன். இணைப்பை எடுத்துவிட்டால் எல்லாம் அப்படியே இருக்கும், வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு மறுபடி இணைத்தால் தீர்ந்தது. ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. கட்டளையைப் பாதி அடித்தும்விட்டேன்.

அப்போது அவள் அழ ஆரம்பித்தாள். முகத்தை மூடிக்கொண்டு, நாற்காலியில் மடங்கி, குழந்தை மாதிரி. “அவர் குரல் போயிடுச்சே, இனிமே அந்தக் குரல் வராதே” என்றாள். என் அப்பா போனபோது அவள் அழவில்லை. நான் வயிற்று வலியில் பத்து நாள் இதே மருத்துவமனையில் கிடந்தபோதும் அழவில்லை, நேரத்துக்கு மாத்திரை கொடுத்தாள். நான் அடித்த எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.

“டிஸ்க் அடி வாங்கியிருக்கு போல. பார்க்கறேன்” என்றேன்.

பார்த்தேன். துறைத் தலைவர் வந்து பின்னால் நின்றார், அவர் முன்னாலேயே பார்த்தேன். டிஸ்க்கின் பிழைகளைத் தேடும் நிரலை ஓடவிட்டேன். பெரிய டிஸ்க், நாள் முழுக்க ஓடியது. திரையில் எண்கள் ஏறுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிழை எதுவும் இல்லாத டிஸ்க்கில் பிழை தேடுவதைப் போல நிம்மதியான வேலை கிடையாது. கேபிளை மாற்றினேன், பெட்டியை வேறு துளையில் செருகினேன், டிஸ்க்கின் பேர் மாறியிருக்கிறதா என்று பார்த்தேன். நர்சுகள் டீ வாங்கிக் கொடுத்தார்கள். “சிஸ்டம் பாவம், பச்சத் தண்ணிகூடக் குடிக்காம பார்க்கறார்” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்கிறேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். அவ்வளவு கவனமாக அவள் என்னைக் கேட்டது அந்த நாட்களில்தான். நான் பொய் சொல்லப்போவதில்லை, எனக்கு நன்றாக இருந்தது.

ஏலக்காரரை வரவழைத்து மறுபடி பதிவு செய்து பார்த்தார்கள். சில வாக்கியங்கள் படித்தார். தகரத்தைத் தரையில் இழுப்பது போல வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. என் மனைவி தலையைத் தூக்கவே இல்லை. அவர்தான் அவள் தலையில் கைவைத்து, “விடு தங்கச்சி, மிஷினுக்கு என்ன தெரியும்” என்று கிசுகிசுத்தார். என்னைப் பார்த்தும் கும்பிட்டார். “மாப்பிள்ளை கண்ணெல்லாம் செவந்து கிடக்கு. போய்த் தூங்குங்க மாப்பிள்ளை.”

அவர் மகள் நடையில் என்னை மறித்தாள். தையல் கடையில் வேலை செய்கிற பெண், கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே ஓடி வந்திருந்தாள்.

“சார், வீட்டுல இருக்கற வீடியோவெல்லாம் தேடிட்டேன். எல்லாமே சந்தையில எடுத்தது, ஒரே கூச்சல். அப்பா தனியாப் பேசின மாதிரி ஒண்ணுகூட இல்ல. ஒரே ஒரு வரி கிடைச்சாக்கூடப் போதும் சார். என் பேரைக் கூப்பிட்ட மாதிரி ஒண்ணு.”

“முயற்சி பண்றேன்மா” என்றேன்.

“நீங்க இருக்கீங்கன்னுதான் சார் தைரியமா இருக்கோம்.”

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஏலக்காரர் இப்போது ஒரு கருவியில் தட்டுகிறார், யாரோ ஒரு இளைஞனின் குரல் எழுத்துக் கூட்டிப் படிப்பது போலப் பேசுகிறது. ஒரு முறை சந்தைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். சின்ன மூட்டை ஒன்றை ஏலம் விட்டிருக்கிறார். கூடியிருந்தவர்கள் மரியாதைக்காகச் சிரிக்காமல் நின்றார்களாம். அதன் பிறகு அவர் போகவில்லை. வீட்டில் கருவியை அணைத்தே வைத்திருக்கிறார் என்று மகள் புகாரில் எழுதியிருப்பதை நானும் படித்தேன்.

என் மனைவி ஒலிப்பதிவு வேலையை விட்டுவிட்டு, புறநோயாளிகளுக்குச் சீட்டுக் கொடுக்கும் இடத்துக்கு மாற்றிக்கொண்டாள். இப்போது இரண்டு பேரும் சரியான நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். பக்கத்தில் உட்காருகிறாள். காது வலிக்கிறது என்று சொல்வதில்லை. நான் பேசினால் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் குறுக்கே யாருடைய குரலும் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

இனி உங்கள் வரைபடம். கணினியின் சொந்த டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டுவது. அந்த வாரங்களில் கோடு படிப்படியாக ஏறியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மதியம் செங்குத்தாக இறங்கியிருக்கிறது. அந்த வரைபடத்தை வரையும்படி அமைத்தவனும் நான்தான், அதை மறந்துவிட்டேன். நீங்கள் கெட்டிக்காரர். இங்கே யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

அழிப்பதற்கு முன்னால் அந்தப் பதிவுகளைக் கேட்டீர்களா என்றீர்கள். கேட்டேன். கடைசியாக ஒரு முறை முயன்று பார்க்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தேன். அவள் சாப்பாடு கட்டிக் கொடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள். அறையில் யாரும் இல்லை. இணைப்பை எடுத்தேன். எல்லாக் கோப்புகளும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. அதுவரைக்கும் நான் எதையும் அழிக்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது. அவர் அப்படி என்னதான் பேசி அவளைச் சிரிக்கவைத்தார் என்று தெரிந்துகொண்டு கொடுக்கலாம் என்றுதான் ஹெட்ஃபோனை மாட்டினேன்.

பெரும்பாலும் கதவும் தண்ணீரும்தான். மகள் பேரை விதவிதமாகக் கூப்பிட்டுப் பதிவு செய்திருந்தார், கோபமாக, செல்லமாக, தூரத்திலிருந்து கூப்பிடுவது போல. சுத்தம் செய்யாத பதிவுகளில் நடுவில் அவர்கள் பேசிக்கொண்டதும் இருந்தது. ஒன்றில் அவர் கேட்கிறார்.

“இவ்வளவு தொண்டை கிழியப் பேசறேனே, இதெல்லாம் பத்திரமா இருக்குமா தங்கச்சி?”

“எங்க வீட்டுக்காரர் கையில இருக்குண்ணா. அவர் கையில கொடுத்தது எதுவும் தொலைஞ்சதில்ல” என்கிறாள் அவள். குரலில் சிரிப்பு இருக்கிறது, நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த அதே சிரிப்பு. “அவர் வாயைத் திறக்கமாட்டார். ஆனா நான் ஒருத்தரை நம்பறேன்னா அவரைத்தான்.”

“இதை மாப்பிள்ளைகிட்ட சொல்லியிருக்கியா?”

“அதெல்லாம் எப்படிண்ணா சொல்றது” என்கிறாள். பிறகு அவர் இருமுகிறார், அடுத்த வாக்கியம் வருகிறது.

அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். நேரம் நிறையவே இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். கோப்புகளைத் திருப்பிக் கொடுத்தால் எங்கே இருந்தன என்று கேட்பாள். அடியில் இருந்தன என்பேன். அவள் முட்டாள் இல்லை, எப்போது தெரியும் என்று கேட்பாள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதபோதே தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் அழித்தேன். யாரும் மீட்க முடியாதபடி அந்த இடம் முழுக்கப் பூஜ்யங்களை எழுதினேன். அவள் என்னைப் பற்றிப் பேசிய அந்தப் பதிவையும் சேர்த்துத்தான். பிறகு டிஸ்க்கை மறுபடி மவுண்ட் செய்துவிட்டு, டிபன் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். முடியவில்லை என்று சொன்னதும் அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

உங்கள் அறிக்கையை வைத்து என் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், போலீசில் சொல்லுங்கள், எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்கு மட்டும் டிஸ்க் கோளாறு என்றே சொல்லிவிடுங்கள். இத்தனை பேரில் அவள் ஒருத்தி என்னை நம்புகிறாள், அதையாவது நான் பத்திரமாக வைத்திருக்க வேண்டாமா?